படிக்கப் போவது ஒருவர், கூட வருவது யார்?

போன இதழில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆகும் செலவைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் செலவைக் கேட்டவர்களைவிட "வீட்டுக்காரரைக் கூட்டிப் போகலாமா, குழந்தையை என்ன செய்வது, அம்மாவை அழைத்துக்கொள்ள முடியுமா" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க இதுதான். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எனக்கு 31 வயது. இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. படிப்புக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. கணவரும் நாலு வயது மகளும் இருக்கிறார்கள். "முதல்ல நீங்க போங்க மேடம், மூணு மாசத்துல ரெண்டு பேருக்கும் டிபெண்டன்ட் போட்டுடலாம்" என்று கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்லி தினமும் போன் செய்கிறார்கள். கட்டலாமா?
— வாசகி, நாமக்கல்

கட்டாதீர்கள். குடும்பத்தோடு போவதுதான் உங்கள் திட்டம் என்றால் இந்தப் படிப்புக்குக் கட்டவே கட்டாதீர்கள்.

2024 ஜனவரி 1-க்குப் பிறகு தொடங்கும் வகுப்பறை முதுகலைப் படிப்புகளுக்கு, அதாவது எம்.எஸ்சி., எம்.ஏ., எம்.பி.ஏ. மாதிரியானவற்றுக்கு, பிரிட்டன் டிபெண்டன்ட் விசா, அதாவது படிக்கிறவரின் குடும்பத்துக்கான விசா, தருவதில்லை. பிஎச்.டி. மாதிரி ஆராய்ச்சிப் படிப்பு படிப்பவர்களும், அரசாங்க உதவித்தொகையில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு வருபவர்களும்தான் கணவன் அல்லது மனைவியையும் 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் அழைத்து வரலாம். இந்த மாற்றத்தை 2023 மே மாதமே அறிவித்துவிட்டார்கள், அதனால் கன்சல்டன்சி நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. "மூணு மாசத்துல" என்று அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். தரமாட்டார்.

இன்னொன்றும் சொல்வார்கள், அதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். "படிப்பு முடிஞ்சதும் கிராஜுவேட் விசா கிடைக்கும், அப்போ கூப்பிட்டுக்கலாம்" என்பார்கள். படித்து முடித்தவர் அங்கேயே தங்கி வேலை பார்க்கத் தரும் விசா அது. அதுவும் நடக்காது. மாணவர் விசாவில் இருக்கும்போதே டிபெண்டன்டாக இருந்தவர்கள்தான் கிராஜுவேட் விசாவிலும் தொடர முடியும் (அங்கேயே பிறந்த குழந்தை மட்டும் விலக்கு). உங்கள் விஷயத்தில் முதல் படியே இல்லாதபோது இரண்டாம் படி எப்படி வரும்? அந்த கிராஜுவேட் விசாவையும் 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைக்கிறார்கள்.

அப்படியென்றால் எப்போது சேர்ந்து இருக்கலாம்? படித்து முடித்து, ஸ்பான்சர் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து, ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறினால் குடும்பத்தை அழைக்கலாம். அதற்கான சம்பள வரம்பை 2025 ஜூலையில் வருடத்துக்கு 41,700 பவுண்டாக ஏற்றிவிட்டார்கள், புதிதாகப் படித்து வருகிறவர்களுக்குப் பல வேலைகளில் 33,400 பவுண்டு. முதியோரைப் பராமரிக்கும் கேர் வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று யாராவது வழி சொன்னால், அந்த வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தை அழைக்கும் வழியையும் 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அப்புறம் மருத்துவக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது, வருடத்துக்குப் பெரியவர் ஒருவருக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. மூன்று வருட விசா என்றால் உங்கள் கணவருக்கும் மகளுக்குமாகச் சேர்த்து 5,433 பவுண்டு, ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல், அதை விண்ணப்பிக்கும் அன்றே மொத்தமாகக் கட்ட வேண்டும். விசா கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் தனி.

அவர்கள் இருவரும் விசிட் விசாவில் வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் ஆறு மாதம் இருந்துவிட்டு, ஊருக்கு வந்து, மறுபடி ஆறு மாதம் என்று விசிட் விசாவிலேயே குடித்தனம் நடத்த விடமாட்டார்கள். மகளைப் பள்ளியில் சேர்க்கவும் அந்த விசா உதவாது.

ஆக உங்கள் முன்னால் இருப்பது இரண்டு வழி. ஒரு வருடமோ அதற்கு மேலோ பிரிந்திருக்கத் தயார் என்றால் தெரிந்தே போங்கள், அது மரியாதையான முடிவு. முடியாது என்றால் படிப்பையோ நாட்டையோ மாற்றுங்கள். நம் வீடுகளில் முதலில் காலேஜைத் தேடி, பிறகு லோனைத் தேடி, குடும்ப விஷயத்தைக் கடைசியில் பேசுகிறார்கள். கல்யாணமானவர்களுக்கு அந்த வரிசை சரிப்பட்டு வராது. எந்தப் படிப்பு என்பதுதான் யார் கூட வரலாம் என்பதையும் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு வருடம். மனைவி கோவையில் ஐடி கம்பெனியில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். வேலையை விட்டுவிட்டு எஃப்-2 விசாவில் என்னோடு வர ஆசைப்படுகிறாள். அங்கே போய் ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் இங்குள்ள கம்பெனிக்கே வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று நினைக்கிறோம். சரியா வருமா?
— வாசகர், கோவை

எஃப்-2, அதாவது மாணவரின் துணைக்கும் குழந்தைகளுக்கும் தரும் விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் வேலை செய்யக் கூடாது. பகுதி நேரம், முழு நேரம், வளாகத்துக்குள், வெளியே, எதுவும் கிடையாது. "கம்பெனி இந்தியாவுல, சம்பளம் இந்திய அக்கவுண்டுல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அதையே திட்டமாக வைத்துப் போகாதீர்கள். பிடிபட்டால் அவருடைய விசா மட்டும் போகாது, நாளைக்கு நீங்கள் ஹெச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு என்று போகும்போது இந்தக் கேள்வி திரும்பி வரும். அப்படிச் செய்துதான் ஆக வேண்டும் என்றால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2008-ல் நானே எஃப்-2-வில் போனவள். கணவருக்கு முனைவர் பட்டப் படிப்பு, ஊர் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். சென்னையில் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அங்கே போனதும் வேலை கிடையாது, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போனால், எனக்கு அந்த நம்பர் தர முடியாது என்று அந்த அலுவலகத்திலேயே ஒரு கடிதம் வாங்கி வந்து காட்ட வேண்டும். பஸ் ஒரு மணிக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. துணி துவைக்கும் மெஷினுக்குக் குவார்ட்டர் காசு தேவை, அந்தச் சில்லறையைக்கூட அவரிடம் கேட்டு வாங்கும்போது ஒரு மாதிரி இருக்கும். அவர் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை, ஆனாலும் இருக்கும். ஜனவரியில் நாலரை மணிக்கெல்லாம் வெளியே இருட்டு, அவர் லேபிலிருந்து வர ஒன்பது ஆகும். நடுவில் அந்த நாலரை மணி நேரத்தை ஓட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. கரண்டி கீழே விழுந்தால் அந்தச் சத்தம்தான் வீட்டில் அன்றைக்குக் கேட்ட முதல் சத்தமாக இருக்கும்.

என்னைக் காப்பாற்றியது ஊர் நூலகம். அங்கே செவ்வாய்க்கிழமை தோறும் இலவச ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும், ஆனாலும் போனேன். கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்த பெண்கள், எல்லோரும் என்னைப் போலவே கணவரின் படிப்போடு வந்தவர்கள். ஒருத்தி அவள் ஊரில் பல் டாக்டர். அந்தக் காலத்தில் எஃப்-2-வில் இருப்பவர் பொழுதுபோக்கு வகுப்பைத் தவிர வேறெதுவும் படிக்கக் கூடாது. 2015 மே மாதத்திலிருந்து விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள், இப்போது உங்கள் மனைவி அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பகுதி நேரமாகப் படிக்கலாம், கிரெடிட்டும் கிடைக்கும். முழு நேரம் படிக்க வேண்டுமென்றால் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும்.

ஆறு வருட அனுபவம் உள்ளவர் என்பதால் நான் யோசிக்கச் சொல்வது இதுதான்: முதல் வருடம் நீங்கள் தனியாகப் போங்கள். எஃப்-2 எடுப்பவர் உங்களோடு அதே விமானத்தில் ஏற வேண்டியதில்லை, நீங்கள் படிப்பில் இருக்கும்வரை பின்னால் வந்து சேரலாம். அதற்குள் அவரும் தனக்கென்று ஒரு படிப்புக்கு இடம் தேடி எஃப்-1-லேயே வர முடியுமா என்று பாருங்கள். வேலையை விடுவதற்கு முன் லீவில் விசிட் விசா எடுத்து ஒருமுறை வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம், பார்த்தபிறகு முடிவெடுப்பது வேறு மாதிரி இருக்கும். ஹெச்-1பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கணக்குப் போடாதீர்கள், அதில் வரும் மனைவிக்கான ஹெச்-4 விசாவிலும் உடனே வேலை செய்ய முடியாது, கிரீன் கார்டு வழியில் ஐ-140 (உங்களுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் மாதிரி ஒரு கட்டம் தாண்டிய பிறகுதான் வேலை அனுமதி கேட்க முடியும்.

வருவது என்று முடிவானால் அவருக்கும் தனியாக ஒரு ஐ-20 படிவம் வேண்டும், அதைப் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள், அவர் செலவுக்கும் சேர்த்துப் பணம் காட்டச் சொல்வார்கள். உங்களுக்குக் கட்டும் 350 டாலர் செவிஸ் (மாணவர் பதிவு) கட்டணம் எஃப்-2-வுக்குக் கிடையாது, 185 டாலர் விசா கட்டணம் உண்டு.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் ஒரே பையன். படிக்கப் போகும்போது அம்மாவையும் டிபெண்டன்ட் விசாவில் அழைத்துப் போக எந்த நாடு விடும்?
— வாசகர், மதுரை

நம் பிள்ளைகள் அதிகம் போகும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நான்கிலுமே மாணவர் விசாவில் பெற்றோர் டிபெண்டன்டாக வர முடியாது தம்பி. குடும்பம் என்றால் துணையும் குழந்தைகளும்தான் அவர்கள் கணக்கில். அம்மா விசிட்டராக வரலாம், பிரிட்டனில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை இருக்கலாம். கனடாவின் சூப்பர் விசா என்று யாராவது சொன்னால், அது அங்கே குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களின் பெற்றோருக்கு மட்டும்தான்.

போவதற்கு முன் அம்மாவின் பென்ஷன், பேங்க், கேஸ் எல்லாவற்றிலும் இருக்கும் மொபைல் நம்பர் உங்களுடையதா என்று பாருங்கள். உங்கள் நம்பர் இங்கே அணைந்துவிட்டால் ஓடிபி வராமல் அவர் திண்டாடுவார். அவர் நம்பருக்கே மாற்றி, இரண்டு தடவை அவரையே செய்யச் சொல்லிப் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆஸ்திரேலியாவில் மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பிக்கிறேன். போன மாதம்தான் கல்யாணமானது, இன்னும் பதிவு செய்யவில்லை. "சிங்கிள் என்று போட்டால் சீக்கிரம் விசா கிடைக்கும், மனைவியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மாமா. அவர் பையன் அப்படித்தான் போனானாம்.
— வாசகர், ஈரோடு

மாமா நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனால் அவர் சொல்வதைக் கேட்டால் உங்கள் மனைவிதான் மாட்டிக்கொள்வார். ஆஸ்திரேலிய மாணவர் விசாவில், அதாவது சப்கிளாஸ் 500-ல், கூட வருகிறாரோ இல்லையோ, மனைவியும் குழந்தையும் இருப்பதை முதல் விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் பிறகு அவருக்கு மாணவர் குடும்ப விசாவே கிடைக்காமல் போகலாம். பொய்த் தகவல் என்று முடிவு செய்தால் மூன்று வருடம் விசாவே தராமல் தடுக்கவும் அவர்கள் சட்டத்தில் இடமுண்டு. விசா கிடைத்த பிறகு கல்யாணம் செய்துகொள்கிறவர் கதை வேறு, நீங்கள் ஏற்கெனவே தாலி கட்டியவர்.

இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும், 90 நாளுக்குள் போனால் வேலை சுலபம். மண்டப ரசீதும் பத்திரிகையும் பத்திரமாக இருக்கட்டும்.

பண விஷயம்: 2024 மே 10 முதல், மாணவருக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும், கூட வரும் துணைக்கு 10,394, ஒரு குழந்தைக்கு 4,449, பள்ளி செல்லும் வயது என்றால் பள்ளிக்கு மேலும் 13,502. காலேஜ் ஃபீஸ் இதில் சேராது. நீங்கள் மாஸ்டர்ஸ் என்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: உங்கள் படிப்பு தொடங்கிய பிறகு மனைவி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். இளங்கலையோ டிப்ளமோவோ என்றால் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். ஆனால் அவர் அந்த விசாவில் மூன்று மாதத்துக்கு மேல் எதுவும் படிக்க முடியாது.

எனது கணவருக்கு கனடாவில் 12 மாத மாஸ்டர்ஸ் படிப்புக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஸ்கார்பரோவில் இருக்கும் அண்ணா, நான் ஓப்பன் வொர்க் பெர்மிட்டில் வரலாம் என்கிறார். எட்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான்.
— வாசகி, வவுனியா

அண்ணா அங்கே போன காலத்தில், ஏன் சில வருடங்களுக்கு முன்வரைகூட, அது உண்மைதான். 2025 ஜனவரி 21 முதல் மாறிவிட்டது. மாஸ்டர்ஸ் என்றால் குறைந்தது 16 மாதப் படிப்பாக இருந்தால்தான் துணைக்கு ஓப்பன் வொர்க் பெர்மிட், அதாவது எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கும் அனுமதி. முனைவர் பட்டத்துக்கும், மருத்துவம், நர்சிங், சட்டம், பொறியியல் மாதிரி குறிப்பிட்ட சில தொழில் பட்டங்களுக்கும் உண்டு. 12 மாதத்துக்குக் கிடையாது. இரண்டு வருட காலேஜ் டிப்ளமோவுக்கும் கிடையாது, அதைச் சொல்லி இன்னமும் ஆள் சேர்க்கிறார்கள், கவனம்.

அதே துறையில் 16 மாதமோ 24 மாதமோ ஓடும் படிப்பு அதே பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா என்று உங்கள் கணவர் இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கட்டும். ஆய்வுக் கட்டுரை எழுதும் பிரிவு என்றால் பல இடங்களில் காலம் நீளும். பண இருப்பும் குடும்ப எண்ணிக்கைப்படி ஏறும், 2025 செப்டம்பர் முதல் ஒருவருக்கு 22,895 கனடிய டாலர், இரண்டு பேருக்கு 28,502, மூன்று பேருக்கு 35,040, ஃபீஸ் இல்லாமல். அண்ணா வீட்டில் தங்கினாலும் இந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு தயாராகுங்கள்.

பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பா பெயர், கல்யாணச் சான்றிதழில் வெறும் இனிஷியல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் கணவர் இனிஷியல். டிபெண்டன்ட் விசாவுக்கு இது பிரச்சினையாகுமா?
— வாசகி, தஞ்சாவூர்

ஆகும், ஆனால் தீர்க்கக்கூடியது. இனிஷியல் என்பது நமக்கு மூச்சு மாதிரி, விசா அதிகாரிக்கு அது புரியாது. எம்.கவிதா, கவிதா முருகன், எஸ்.கவிதா மூன்றும் அவர் கண்ணுக்கு மூன்று பெண்கள். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை அதற்கு ஏற்ப நகர்த்துங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரைத் திருத்த நகராட்சியிலோ மாநகராட்சியிலோ மனு கொடுங்கள், அதற்கு நாளாகும் என்பதால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். அமெரிக்கா என்றால் இன்னொன்று: பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், உங்கள் பெயரைத் தூக்கிச் சர்நேமில் போட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று அடித்துவிடுவார்கள். பிறகு அங்கே பேங்க், லைசென்ஸ் எல்லாவற்றிலும் அதுவே உங்கள் பெயராக ஒட்டிக்கொள்ளும்.

பிரிட்டனில் ஒரு வருடம் படிக்கத் தனியாகப் போகிறேன். இரண்டு வயது மகனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது, கணவர் இங்கேதான் வேலையில் இருக்கிறார். சொந்தக்காரர்கள் "பெத்த மனசா இது" என்கிறார்கள். நான் தப்பு செய்கிறேனா?
— வாசகி, திருநெல்வேலி

இல்லைம்மா. கைக்குழந்தையை விட்டுவிட்டுத் துபாய்க்கும் சவூதிக்கும் போன அப்பாக்களை இந்த ஊர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறது, அவர்களிடம் யாராவது இதைக் கேட்டார்களா? உங்களைக் கேட்பது உங்களை நோகடிக்க மட்டுமே உதவும். மகன் அப்பாவோடும் பாட்டியோடும் தன் வீட்டில் இருக்கிறான்.

கஷ்டமாக இருக்கும், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். அக்டோபர் மாதம் ஏதோ ஒரு நாள் போனில் கூப்பிடும்போது அவன் திரையைப் பார்க்காமல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருப்பான், அன்றைக்கு உங்களுக்குத் தூக்கம் வராது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் போனில் "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தால் ஓடிவிடுவான். அதைவிட அவன் சாப்பிடும் நேரத்தில் போனைத் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு நீங்களும் அங்கே எதையாவது சாப்பிடுங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை. குளிர்காலத்தில் நம் நேரம் ஐந்தரை மணி முன்னால், கோடையில் நாலரை. அவன் ராத்திரி எட்டு மணிச் சாப்பாடு உங்களுக்குக் குளிர்காலத்தில் மதியம் இரண்டரை, வகுப்பு அட்டவணை வந்ததும் அந்த அரை மணியைக் கோடு போட்டு ஒதுக்குங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். மகனுக்கு இப்போதே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். சிறு குழந்தைக்குப் பாஸ்போர்ட் என்றால் அப்பா அம்மா இருவர் சம்மதமும் கையெழுத்தும் கேட்பார்கள். நீங்கள் அங்கே போன பிறகு என்றால் இந்தியத் தூதரகத்துக்கு அலைந்து, காகிதத்தை இங்கே அனுப்பி, அதற்கே மாதங்கள் ஓடும். இப்போது என்றால் மூன்று பேரும் சேர்ந்து ஒரு காலைப்பொழுது பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போய் வந்தால் முடிந்தது. பிறகு அவன் உங்களைப் பார்க்க வர விசிட் விசா போடும்போது அந்தப் பாஸ்போர்ட் கையில் இருக்கும்.